பதிலுக்கு நான் என்று சொன்னது

கிரைண்டர் குழவி கையிலிருந்து நழுவியபோதே அது எங்கே விழப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலை இழுத்துக்கொள்ள நேரமும் இருந்தது. ஆனாலும் கால் நின்ற இடத்திலேயே நின்றது, அதற்காகவே காத்திருந்த மாதிரி. இடதுகால் சுண்டுவிரல். உளுந்து மாவு கொழகொழவென்று ஒட்டிய கல் நேராக அதன் மேல் இறங்கி, தரையில் உருண்டு, சிங்குக்கு அடியில் போய் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டது. நான் கத்தவில்லை. கத்தினால் கேட்க ஆள் வேண்டும். அவர் நடக்கப் போயிருக்கிறார். அவர் என்றால் ஜெயசிங், என் வீட்டுக்காரர், இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தவர். தினம் ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய் நாலு சுற்று நடந்துவிட்டு, அந்த நாலு சுற்றையும் வீணாக்குகிற மாதிரி கேட்டுக்கு எதிரே ஒரு வடையைத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று அவருக்கு ஞாபகம் இருந்தால்தானே. வலி உடனே வரவில்லை, அதுதான் வேடிக்கை. ஒரு நொடி ஒன்றுமே இல்லை, குனிந்து விரலைப் பார்த்து, தப்பித்தேன் என்றுகூட நினைத்தேன். அப்புறம் வந்தது. பாதத்தில் தொடங்கி, கெண்டைக்கால், தொடை, வயிறு என்று ஏறி, தொண்டையில் நின்று, அதற்கு மேல் போக வழியில்லாமல் கண்ணுக்குள் வெள்ளையாகப் பரவியது. சிங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மூட வேண்டும், மோட்டார் போட்டு ஏற்றிய தண்ணீர், என்று நினைத்தேன். கை போகவில்லை. அப்போதுதான் கொட்டாவி வந்தது.

பெரிய கொட்டாவி. தாடை கழன்றுவிடுமோ என்கிற மாதிரி. வலியில் துடிக்கிறவளுக்குக் கொட்டாவி எதற்கு? அதை யோசித்து முடிப்பதற்குள் இன்னொன்று. பிறகு வேர்வை, முதலில் மேல் உதட்டில், பிறகு கழுத்துக்குப் பின்னால், பிறகு முதுகு முழுக்க, அதுவும் சூடான வேர்வை இல்லை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்த பாட்டில் மேல் பூக்குமே அந்த மாதிரி. இதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கும் அன்றைக்குக் கொட்டாவிதான். நாலு வருஷத்துக்கு முன்னால், காலை பத்து மணி, பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று விட்டார். நான் கேலி பண்ணினேன், ராத்திரி எங்கேயும் கன்னம் வச்சுத் திருடப் போனீங்களா என்று. சிரித்தார். சிரித்த முகத்தில் வேர்வை இருந்தது, பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது, ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. வாயு என்றார். நான் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அடுப்பைப் பற்றவைத்து, ஓமத்தை வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, பெரிய வைத்தியச்சி மாதிரி, நாற்பது நிமிஷம். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பையன், எங்கள் மகள் பெனிட்டாவைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னான், "ஒரு முப்பது நாப்பது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா அந்தப் பக்கத்துத் தசையக் காப்பாத்திருக்கலாம்மா." அந்தப் பக்கத்துத் தசை. என் ஓமத்தண்ணீர் தின்ற தசை. அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் ஓமம் வந்ததில்லை, முறுக்குக்குக்கூடப் போடுவதில்லை, ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

உட்கார வேண்டும். விழுவதற்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். சுவரோடு சாய்ந்து, கல் தேய்ந்த மாதிரி மெதுவாகத் தேய்ந்து தரைக்கு வந்தேன். காதில் ஒரு இரைச்சல், குழாய்த் தண்ணீர் சத்தமா, ரத்தத்தின் சத்தமா, தெரியவில்லை. கண்ணின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்து நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிச்சமிருந்தது, அந்த வட்டத்துக்குள் சிலிண்டர், அதன் மேல் காயப்போட்ட கரித்துணி. இது வெறும் வலிதான், சுகிர்தா, என்று எனக்கு நானே பேர் சொல்லிச் சொல்லிக்கொண்டேன். விரல் நசுங்கினால் எல்லோருக்கும் தலை சுற்றும். விரலில் ரத்தம் கொஞ்சம்தான், நகம் பாதி தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆனால் தோள் ஏன் வலிக்கிறது? இடது தோள். குழவியைத் தூக்கிய கை அது, அதனால் வலிக்கலாம். அதனால் மட்டும்தானா? இடதுகால், இடது தோள், எல்லாம் இடது பக்கமாகவே ஏன் நடக்கிறது? நாடி பார்த்தேன். மணிக்கட்டில் விரல் வைத்தால் ஒன்றுமில்லை. இடம் மாற்றி வைத்தேன், ஒன்றுமில்லை. முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் லேபில் உதவியாளாக இருந்தவள், எனக்கு நாடி பார்க்கத் தெரியவில்லை. தவளையைப் பார்க்கத் தெரியும். அந்தக் காலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தவளை அறுப்பு உண்டு, மெழுகுத் தட்டில் மல்லாக்கக் குண்டூசி குத்திப் படுக்கவைத்துத் திறந்தால் இருதயம் அடித்துக்கொண்டிருக்கும், சின்ன நாவல்பழம் அளவுக்கு. தனியாக வெட்டி எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டாலும் அடிக்கும். தவளை செத்துப்போய்விட்டது, அது மட்டும் யாருக்கும் தேவையில்லாமல் கிண்ணத்தில் அடித்துக்கொண்டிருக்கும். மணி அடித்ததும் பிள்ளைகள் போய்விடுவார்கள், கழுவிக் கொட்டுவது நான்தான். ஒருநாள் அது நிற்கட்டும் என்று சாப்பாட்டு மணி முழுக்கக் காத்திருந்தேன், டிபன் பாக்ஸைத் திறக்காமல். இப்போது அடிக்கிறதா என்று பார்த்தேன், நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து. அடித்தது. ரொம்ப மெதுவாக. ஒன்று அடித்துவிட்டு அடுத்ததற்கு யோசித்தது.

மாத்திரை ஞாபகம் வந்தது. அவருடைய மாத்திரை, நாக்குக்கு அடியில் வைக்கிறது. வீட்டில் நாலு இடத்தில் நானே வைத்திருக்கிறேன்: அவர் சட்டைப்பையில் ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று, வேதாகமத்துக்குப் பக்கத்தில் ஒன்று, சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒன்று, சின்னக் குப்பிகளில் போட்டு, மேலே பிளாஸ்திரி ஒட்டி, 'நெஞ்சு' என்று சிவப்பு மையால் எழுதி. லேப் புத்தி. பேர் ஒட்டாத குப்பி எனக்கு ஆகாது. எட்டினால் கிடைக்கும். முழங்கால் போட்டு, மேடையைப் பிடித்து எழுந்து, ஜாடியைத் தள்ளி எடுத்தேன், அந்த இரண்டு நொடியில் வட்டம் இன்னும் சின்னதானது, உடனே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாத்திரை கையில் விழுந்தன. ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்தேன், இன்னொன்றை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். அவருக்கு எழுதிக்கொடுத்ததை நான் போடலாமா என்று ஒரு குரல் கேட்டது. நெஞ்சு எல்லாருக்கும் நெஞ்சுதானே என்று இன்னொரு குரல் சொன்னது. மாத்திரை விறுவிறுவென்று கரைந்தது. இந்தத் தடவை ஓமத்தண்ணீர் இல்லை, நேரத்தை வீணாக்கவில்லை, சரியாகச் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. போன் ஹாலில் சார்ஜில் கிடக்கிறது. வாசல் கதவு மேல்தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. அவர் வெளியே போனதும் தாழ்ப்பாள் போட வேண்டும், அது அவர் கட்டளை, போன மாதம் அடுத்த தெருவில் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். கள்ளன் வரமாட்டான். அவரும் வர முடியாது.

இப்படி உட்கார்ந்தபடி பார்த்தால் ஹாலில் மாட்டியிருக்கிற கடிகாரத்தின் கீழ்ப்பாதி மட்டும் தெரிகிறது, மேல்பாதியைச் சமையலறைக் கதவின் மேல்நிலை மறைக்கிறது. சின்ன முள் ஏழில் நிற்கிறது. பெரிய முள் மேலே எங்கேயோ இருக்கிறது. இன்றைக்கு சனிக்கிழமை. நாளைக்குக் கோவில், ஞாயிறு ஆராதனை. வாசலில் ஜெபக்குறிப்புப் பெட்டி இருக்கும், துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டால் எங்கள் சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்துக்குப் பிறகு வாசிப்பார். நாலு வருஷமாக ஒரு ஞாயிறு தவறாமல் நான் போடுகிற சீட்டு, 'திரு. ஜெயசிங், இருதய சுகத்திற்காக.' ஐயர் இப்போதெல்லாம் சீட்டைப் பிரிக்காமலே சொல்லிவிடுகிறார். என் பெயரை ஒருநாளும் எழுதியதில்லை. முழங்கால் வலிக்கு எழுதலாம் என்று ஒருதரம் பேனாவை எடுத்தேன், எடுத்துவிட்டு அவர் பேரையே எழுதினேன். எழுத முடியாததற்குக் காரணம் இருக்கிறது. அது அந்த ஆஸ்பத்திரி நடைவழியில் இருக்கிறது. இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம். குழாயை மூட வேண்டும். மாவு புளித்துவிடும், உப்பு போட்டுக் கரைக்கவில்லை. ஸ்கூட்டர் சாவி எங்கே வைத்தேன்? நினைக்க வேண்டாம் என்றால் அது போகிறதா, ஈ மாதிரி திரும்பத் திரும்ப அங்கேயே வந்து உட்காருகிறது. மத்தியானம் மூன்று மணி. தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி, காலைத் தூக்குங்கம்மா என்றாள், தூக்கினேன், தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு, இரும்பு நாற்காலியில் சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டு, அந்த டாக்டர் பையன் சொன்ன நாற்பது நிமிஷத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். ஆண்டவரே, இது என் தப்பு. அவரை விட்டுவிடும். அவருக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளும். பொருத்தனை என்று நேர்ந்துகொள்கிறவர்கள் ஆள் உயரத்துக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்பார்கள், கோவில் அசன விருந்துக்கு ஒரு மூட்டை அரிசி என்பார்கள். நான் என்னையே எழுதிக்கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கதவு திறந்து, பிழைச்சுட்டாரும்மா என்றார்கள்.

அப்போதிலிருந்து நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், என்னை வாங்கிக்கொள்ள வருகிற காலடிச் சத்தத்துக்கு. காய்ச்சல் வந்தால், இதுதானோ. பஸ் சடன் பிரேக் போட்டால், இதுதானோ. நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தும்போனேன், மறந்த பிறகுதான் சந்தோஷமாக இருக்கத் தொடங்கினேன், அதுவும் குற்றமாக இருக்குமோ? இப்போது தலை கனக்கிறது. நெற்றிப்பொட்டில் டம் டம் என்று இடி, முகமெல்லாம் தீ பிடித்த மாதிரி ஒரு சூடு, ஆனால் கையும் காலும் ஜில்லென்று இருக்கின்றன. மாத்திரை போட்டும் குறையவில்லை. குறையவில்லையா, கூடுகிறது! அவருடைய மாத்திரைக்கே அடங்கவில்லை என்றால் இது சாதாரணம் இல்லை. வட்டம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வந்துவிட்டது. இன்னொரு மாத்திரை கையில் இருக்கிறது, வைக்கவா? வாய் வரைக்கும் கொண்டுபோனேன், குமட்டியது, கை தானாக இறங்கியது. அப்படியே பக்கவாட்டில் சரிந்து படுத்துவிட்டேன், கன்னம் தரையில், மாவு சிந்திய ஈரத்தில். வந்துவிட்டார். கொடுத்ததை வாங்கிக்கொள்ள ஆண்டவர் வந்துவிட்டார். ஆண்டவரே, வேண்டாம். நான் சும்மா சொன்னேன். சும்மா இல்லை, அன்றைக்கு மனசாரத்தான் சொன்னேன், ஆனால் அன்றைக்கு இருந்தவள் வேறே. அன்றைக்கு எனக்கு என் உயிர் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை, வேலை, வீடு, வேலை, இரண்டாவது பஸ், நாலாவது பீரியட், கழுவிய பீக்கர்கள், அதைக் கொடுப்பதில் எனக்கு என்ன நஷ்டம். இப்போது ரிட்டயராகிப் பத்து மாதம். இப்போது ஸ்கூட்டர் இருக்கிறது.

வெட்கமாக இருக்கிறது, சாகக் கிடக்கும்போது மகளை நினைக்க வேண்டும், கோயம்புத்தூரில் இருக்கிற என் பெனிட்டாவை, அவள் வயிற்றில் இருக்கிற ஐந்து மாதத்தை. நினைக்காமல் இல்லை. ஆனால் முதலில் வந்தது ஸ்கூட்டர்தான். கல்யாணமாகிப் போகும்போது அவள் விட்டுவிட்டுப் போனது, இரண்டு வருஷம் உறை போட்டுக் கிடந்தது. ஐம்பத்தெட்டு வயதில் எல்.எல்.ஆர். போட்டேன். பக்கத்து வீட்டு ஷர்மிளா பின்னால் உட்கார்ந்து, ஆன்ட்டி பிரேக், ஆன்ட்டி பிரேக் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனாள். அவர் கேட்டில் நின்று வேடிக்கை பார்த்தார், "இந்த வயசுல இது தேவையா ஒனக்கு" என்றார், ஆனால் ஒவ்வொரு நாளும் நின்றார். போன வியாழக்கிழமை ஷர்மிளா இறங்கிக்கொண்டாள், நான் தனியாகப் போனேன், தெருமுனை வரைக்கும், திரும்பி, மறுபடி தெருமுனை வரைக்கும். முகத்தில் காற்று அடித்தது. என் வாழ்நாளில் யாரும் என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் நானாக ஒரு இடத்துக்குப் போனது அதுதான், அது வெறும் தெருமுனை என்றாலும். செவ்வாய்க்கிழமை டெஸ்ட், எட்டுப் போட வேண்டும். இதற்காகவா உயிர் கேட்கிறாய் என்றால், ஆமாம், இதற்காகத்தான். நான் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறேன். கேட்டு முடித்த அந்த இடத்தில்தான் இன்னொன்று முளைத்தது, அதுதான் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது. நான் இல்லை என்றால் யார்? 'பதிலாக' என்று அல்லவா சொன்னேன். பதில் இல்லை என்றால் பழைய ஆள்தானே. நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிற இதே நேரம் அவர் மைதானத்தில் மூன்றாவது சுற்றில், அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்தில், ஒரு கொட்டாவி விடுகிறாரோ? ஐயோ, நான் அப்படிக் கேட்கவில்லை. அப்படியென்றால் என்னையே எடும். இல்லை, வேண்டாம். என்னையும் வேண்டாம், அவரையும் வேண்டாம். அப்படி ஒரு பேச்சு உண்டா? இதே இடத்தில் நாலு தடவை, ஐந்து தடவை சுற்றினேன், என்னையே எடும், இல்லை வேண்டாம், என்னையே எடும், செக்கு மாடு மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் அதே வேப்பமரம் வந்தது, அடியில் அவர் கிடந்தார்.

பெரிய முள் தெரிந்தது. கதவு மேல்நிலைக்குக் கீழே, வலது பக்கம், முதலில் நுனி மட்டும், அப்புறம் கொஞ்சம். அப்படியென்றால் ஏழே காலுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் ஏழு மணிக்கு வருகிறவர், ஐந்து நிமிஷம் கூட என்றால் வாசலிலேயே காரணம் சொல்லிக்கொண்டு நுழைகிறவர். வரவில்லை. படுத்ததில் வட்டம் கொஞ்சம் விரிந்திருந்தது, காது இரைச்சலும் தணிந்திருந்தது, ஆனால் அது எனக்குச் சந்தோஷமாக இல்லை. எனக்குக் குறைகிறது என்றால் அங்கே கூடுகிறது. போனை எடுக்க வேண்டும், அவரைக் கூப்பிட வேண்டும். இல்லை, முதலில் தாழ்ப்பாள். எழுந்து நிற்கப் பயம். உட்கார்ந்தபடியே, கையை ஊன்றி ஊன்றிப் பின்பக்கமாக நகர்ந்தேன், விரல் தரையில் பட்ட இடமெல்லாம் சிவப்புக் கோடு. சமையலறைப் படி. சாப்பாட்டு மேஜை, அதற்கு அடியில் போன வாரம் தொலைந்த அவருடைய கண்ணாடித் துணி. டி.வி. மேஜை, அதன் மேல் அவர் கைக்கடிகாரம், நடக்கப்போகும்போது கட்டமாட்டார், வார் வேர்த்து அரிக்குமாம். கடிகாரம் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. போன் கம்பி எட்டவில்லை. கதவுக்கு இன்னும் ஆறு அடி.

மணி அடித்தது. இரண்டு முறை, சின்னதாக, அவர் அடிக்கிற மாதிரி. உயிரோடு இருக்கிறார், அதுதான் முதலில். அப்புறம் உடனே, அப்படியென்றால் நான்தானா? மறுபடி மணி. "சுகிர்தா!" கதவைத் தட்டினார். "ஏளா, என்ன செய்யுத உள்ள?" மேல்தாழ்ப்பாள். எழுந்துதான் ஆக வேண்டும். சுவரைப் பிடித்து எழுந்தேன், கறுப்பு கீழே இருந்து மேலே ஏறியது, கண் தெரியவில்லை, கைக்குத் தாழ்ப்பாள் தெரிந்தது, முப்பது வருஷப் பழக்கம். இழுத்துவிட்டுச் சுவரோரம் சரிந்தேன்.

"ஏ அம்மா!" என்றார் அவர். ஒரு அறுபத்து மூன்று வயது ஆள் கதவைத் திறந்ததும் அம்மாவைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. "என்னளா இது ரத்தம்? விழுந்துட்டியா?"

"நெஞ்சுங்க."

"நெஞ்சு வலிக்கா?"

"தெரியல. விரலுதான் வலிக்கி. நெஞ்சு பயமாருக்கு. வேத்துச்சு. கொட்டாவி வந்துச்சு. ஒங்களுக்கு வந்த மாதிரியே."

அவர் முகம் வெளுத்தது. என் தோளைப் பிடித்துத் தரையில் படுக்கவைத்தார், சோபாத் தலையணை இரண்டையும் உருவி என் காலுக்கு அடியில் கொடுத்தார், ஃபேனைப் போட்டார். மூடியிருந்த என் கையைப் பிரித்துப் பார்த்தார், மாத்திரை வியர்வையில் பாதி கரைந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இத எத்தன வச்ச?"

"ஒண்ணுதான். வச்ச பொறகுதான் ரொம்ப ஆயிட்டு."

"ஆவாம என்ன செய்யும்? பிரஷர இறக்குற மாத்திரைளா அது. தல சுத்துறவ அதப் போடலாமா? மொத தடவ போட்டப்ப நானே பாத்ரூம்ல விழுந்து கெடந்தேன்."

"எப்போ?"

"அது ஒருநாளு. நீ பயப்புடுவன்னு சொல்லல." போனை எடுத்துத் தெருமுனை ஆட்டோ செல்லப்பாவைக் கூப்பிட்டார், உடனே வா, ஆஸ்பத்திரி என்றார். தோளில் கிடந்த துண்டைக் கிழித்து விரலில் சுற்றினார், அவசரத்தில் பக்கத்து விரலையும் சேர்த்துக் கட்டிவிட்டார். "விரலு நசுங்குனதுலயே மயக்கம் வந்துருக்கும். இருந்தாலும் போயி ஒரு இ.சி.ஜி. எடுத்துருவோம். வீட்டு வைத்தியமெல்லாம் ஆவாது."

வீட்டு வைத்தியம். சொல்லிவிட்டார். நாலு வருஷம் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிவிட்டார். "ஓமத்தண்ணி குடுத்து ஒங்களக் கொல்லப் பாத்தவதான நான்," என்றேன்.

"நீ எங்க குடுத்த? நான்ல கேட்டேன்," என்றார், விரல் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நீ ஆட்டோக்குப் போன் போடட்டான்னு கேட்ட. நான்தான் வாயுதான், சும்மா கெட, ஓமத்தண்ணி வையின்னு சத்தம் போட்டேன். மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். ஆட்டோ வரச்சொல்லவா என்று நான் கேட்ட குரல் எங்கேயோ அடியில் கிடந்து, இப்போது மெதுவாக மேலே வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்.

செல்லப்பா ஆட்டோவை வாசற்படிக்கே கொண்டுவந்துவிட்டார். இருவருமாக என்னைத் தூக்கி வைத்தார்கள். குழாய் ஓடுகிறது என்றேன், ஓடட்டும் என்றார் அவர். ஆட்டோ கிளம்பியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இனி இதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றியது, ஒருவேளை இதுவே கடைசிச் சவாரியாக இருந்தால் இது என்னோடு போய்விடும். ஆஸ்பத்திரி நடை, ஃபினாயில், தூக்கிய கால், பதிலாக என்னை என்றது, இன்றைக்குச் சமையலறைத் தரையில் கிடந்து வேண்டாம் என்று மாற்றிப் பேசியது, மாற்றிப் பேசியதும் அவர் வேப்பமரத்தடியில் விழுந்து கிடப்பதாகத் தெரிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோ இரைச்சலில் பாதிதான் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டிருந்தது. ஆட்டோ ஒரு வேகத்தடையைத் தாண்டியது.

"அன்னைக்கு உள்ள படுத்துக் கெடந்தப்ப நானும் கேட்டேன்," என்றார்.

"என்ன கேட்டீங்க?"

"எனக்கு இன்னும் கொஞ்ச நாளு குடும்னு கேட்டேன். அம்புட்டுதான். யாரையும் பதிலுக்குக் குடுக்கல." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒன் ஞாபகம்கூட வரல எனக்கு. அதச் சொல்லக் கூச்சப்பட்டுட்டு இத்தன நாளு சொல்லல. நாளு வேணும்னா நாளு வேணும்னு கேக்கணும். அப்பிடிக் கேக்கத் தெரியாதாளா ஒனக்கு?"

கோபம் வந்தது. ஒரு நிமிஷம் நிஜமாகவே கோபம் வந்தது, நான் இங்கே என்னை எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது இந்த ஆள் உள்ளே தனக்கு மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறாரே என்று. பிறகு அவர் சட்டையிலிருந்து வடை எண்ணெய் வாசனை வந்தது. "ஏன் இன்னைக்கு இவ்வளவு நேரம்?" என்றேன். "வடை வேகல," என்றார், மறைக்கத் தோன்றாமல். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததும் விரலில் சுரீர் என்றது, வலித்ததும் பயம் மறுபடி வந்தது, அதே இடத்துக்கு, போகவே இல்லை போல. நெஞ்சு ஒன்று அடித்துவிட்டு யோசிக்கிறதா? அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, நாடியை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?" என்றேன்.

"எழுவத்தி ரெண்டு. நல்லாருக்கு," என்றார்.

அவர் கைக்கடிகாரம் வீட்டில் டி.வி. மேஜை மேல் ஓடிக்கொண்டிருந்தது, எதை வைத்து எண்ணினாரோ. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் என்னுடையதைவிட ஜில்லென்று இருந்தன. ஆஸ்பத்திரி வளைவு தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன், எப்போதும் போல ஆண்டவரே, அடியாளை என்று தொடங்கி, நிறுத்திவிட்டேன். கண்ணைத் திறந்துகொண்டு, வீட்டில் பேசுகிற மாதிரி, வாய்விட்டுக் கேட்டேன். "எனக்கும் நாளு வேணும்."

"சத்தமாக் கேளுளா," என்றார் அவர், விரலை எடுக்காமல்.